கோத்தகிரி சனிக்கிழமைக் கடை: ஸ்வெட்டர் அறுபது ரூபா, பேரைப் பிரிக்கக் கூலி இல்லை

முதல்லயே சொல்லிடறேன், கோத்தகிரியில பழைய துணி விக்கிற இந்தச் சனிக்கிழமைக் கடைக்கு நான் வெளியாள் இல்லை. மூணு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை என் தையல் மிஷின் அங்கதான் ஓடுது. அதனால நான் புகழ்றதைக் கொஞ்சம் கழிச்சு எடுத்துக்குங்க. குறை சொல்றதை அப்படியே எடுத்துக்கலாம். ஆனா தைக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் வாடிக்கையாத்தான் போயிட்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கியிருக்கேன், பேரம் பேசி மூக்கு உடைபட்டிருக்கேன், ஒரு தடவை சரியில்லாத ஜிப் வச்ச ஜெர்கினைத் திருப்பிக் கொடுக்கப் போயி சண்டையும் போட்டிருக்கேன். இதை எழுத அந்தத் தகுதி போதும்னு நினைக்கிறேன்.

கடை எங்கன்னா, பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இறங்குற ஒரு சந்துல, தகரக் கூரை போட்ட பழைய வீட்டோட முன்கட்டு. பேர்ப்பலகை கிடையாது. ஊர்க்காரங்களுக்கு அது சனிக்கிழமைக் கடை, அவ்வளவுதான். காலையில பத்து மணிக்குத் திறந்து சாயங்காலம் நாலுக்கு மூடிடுவாங்க. நடத்துறது ஆறேழு பேர், யாருக்கும் சம்பளம் இல்லை. ரிட்டயரான டீச்சர் ஒருத்தங்க, வெலிங்டன்ல சர்வீஸ் முடிச்சு இந்த மலையிலயே தங்கிட்ட மிலிட்டரி ஐயா, பக்கத்து ஹட்டிகள்ல (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வாங்க) இருந்து வர்ற ரெண்டு படுகக்கார அக்காமார், காலேஜ் பையன் ஒருத்தன், நான், அப்புறம் மனசு வந்தா வர்றவங்க சிலர். ஊர்ல கொடுக்கிற பழைய துணி, கம்பளி, போர்வை, ஷூ எல்லாத்தையும் பிரிச்சு, துவைச்சு, தைச்சு, குறைஞ்ச விலைக்கு விக்கிறோம். சேர்ற காசு கோயமுத்தூர் ஜி.எச்.சுக்குப் போய்வர்ற நோயாளிகளுக்கு வண்டிக்கூலி. இங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கே 33 கிலோமீட்டர் இறக்கம். கீமோ போட்டுட்டு வர்ற ஆளைப் பஸ்ல நிக்க வச்சு அந்த வளைவுல ஏத்திக் கொண்டுவர்றது எப்படின்னு பட்டவங்களுக்குத் தெரியும். மாசக் கணக்கை வாசல் கரும்பலகையில எழுதிப் போட்டுடுவாங்க. யாருக்குக் கொடுத்தோம்னு பேர் இருக்காது, எத்தனை நடை, எவ்வளவு ரூபான்னு மட்டும் இருக்கும்.

தொண்டு இந்த ஊருக்குப் புதுசு ஒண்ணும் இல்லை. டாக்டர் நரசிம்மன் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கத்தை ஆரம்பிச்சது 1958ல. கீஸ்டோன் அறக்கட்டளைக்காரங்க தொண்ணூறுகள்ல வந்து, தேன் எடுக்கிற குறும்பர், இருளர் ஜனங்களோட வேலை செஞ்சாங்க. அதுல இருந்து கிளைச்சதுதான் டூரிஸ்டுகள் தேடிப் போற கிரீன் ஷாப். அங்க மலைத்தேனும் தேன்மெழுகும் மிளகும் மலையிலிருந்து டவுனுக்கு இறங்குது. எங்க கடையில எல்லாம் தலைகீழ். டவுன் கழிச்சுப் போட்டது மலைக்கு ஏறுது. தேன் விக்கிறவன் தலை நிமிர்ந்து விக்கலாம். அடுத்தவன் உடுத்திக் கழிச்சதை இன்னொருத்தன் கையில கொடுக்கிறவனுக்கு ரொம்ப ஜாக்கிரதை வேணும். இந்தக் கடையைப் பத்தி நான் எழுத உட்கார்ந்ததே அந்த ஜாக்கிரதையைப் பத்திச் சொல்லத்தான்.

சரக்கு எப்படின்னு கேப்பீங்க. நல்லாவே இருக்கும், ஆனா தெரிஞ்சு எடுக்கணும். கம்பளின்னு சொல்லி வர்றதுல பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஓரத்துல ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியில காட்டினா, நிஜ உல்லன்னா முடி கருகுற நாத்தம் வரும், சாம்பல் விரல்ல பொடியும். அக்ரிலிக்னா உருகி, ஆறினதும் கெட்டியா கறுப்பு மணி மாதிரி நிக்கும். உல்லன் அகப்பட்டா தனி ஷெல்ஃப், விலை நூத்தம்பது. அக்ரிலிக் ஸ்வெட்டர் அறுபது. குழந்தைங்க குல்லா பத்து ரூபா. ஜெர்கின் நூறுல இருந்து. வாங்கறதுக்கு முன்னாடி அக்குள் பக்கம் திருப்பிப் பாருங்க, தேய்ஞ்சிருந்தா வெளிச்சம் தெரியும். கைப்பட்டியை இழுத்து விட்டா சுருங்கி பழையபடி வரணும், தொளதொளன்னு தொங்கினா எடுக்காதீங்க. உருண்டை உருண்டையா நூல் திரண்டிருந்தா பரவாயில்லை, அதை நானே சவரக் கத்தியால வழிச்சுக் கொடுத்துடுவேன்.

மோந்து பாக்க வேண்டிய அவசியம் இங்க இல்லை, அதுதான் எனக்கு முதல்ல பிடிச்சது. பழைய துணின்னா நம்ம மலையில அந்துருண்டையும் பூஞ்சணமும் கலந்த ஒரு நாத்தம் உண்டே, அது இந்தக் கடையில கிடையாது. ஊட்டிப் பக்கத்துக்கு ஆனி, ஆடி மழைதான் பெரிசு. நாம கிழக்கு ஓரத்துல இருக்கோம், நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கொட்டும். அந்த ரெண்டு மாசமும் துணி காயாது. சமவெளியில சில ஊர்ல சுவத்துல அலமாரி அடிச்சு ‘அன்புச் சுவர்’னு வச்சிருக்காங்களே, வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்னு, அதை இங்க வச்சுப் பாருங்க. முதல் நாள் மூடுபனி, ரெண்டாம் நாள் குரங்கு, மூணாம் நாள் பூஞ்சணம். டீச்சர் பின்கட்டுல விறகடுப்புக்கு மேல கயிறு கட்டி வச்சிருக்காங்க. மழைக்காலத்துல நாலு நாள் அதுல தொங்கின பிறகுதான் எதுவும் கடைக்குள்ள வரும். லேசா புகை வாசனை இருக்கும். அது குறைன்னா குறை.

வாங்குறவங்க யாருன்னு பாத்தா, எங்களை மாதிரி எஸ்டேட் ஜனம் பாதி. மீதியில இப்போ அதிகம் ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து தேயிலை பறிக்க வந்திருக்கிற பிள்ளைங்க. பாவம், முதல் தடவை மலை ஏறும்போது ஒரு முழுக்கைச் சட்டையோட வந்து இறங்குவாங்க. விடியறதுக்கு முன்னாடி காரட் பிடுங்கப் போற ஆம்பளைங்க ஜெர்கினுக்கு வருவாங்க. இதுல ஒரு நுணுக்கம். கொழுந்து பறிக்கிற பொம்பளைக்கு முழுக்கை ஸ்வெட்டர் ஆகாது. காலையில செடி மேல பனித்தண்ணி நிக்கும், கைப்பட்டி அரை மணியில நனைஞ்சு கனத்துடும், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஈரத்தோட. அதனால நான் கையை முழங்கைக்கு மேல வெட்டி, பிரிஞ்சு வராம ஓரம் மடிச்சு அடிச்சுக் கொடுப்பேன். வெட்டின கைத்துண்டு ரெண்டும் குழந்தைக்குக் கால் உறை ஆகும். கொடுத்தவங்க பாத்தா, ‘நல்ல ஸ்வெட்டரை இப்படி வெட்டிட்டாங்களே’ன்னு வயிறெரிவாங்க. அவங்க பாக்கப் போறதில்லை. பாத்தாலும் அடையாளம் தெரியாது. ஏன்னு சொல்றேன்.

எங்க அப்பா அம்மா சிலோன்ல இருந்து வந்தவங்க. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல ‘திரும்பி’ வந்த கணக்கு. தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல தங்கி, அங்கிருந்து மலைக்கு. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சது, அதுதான் இப்போ டான்டீங்கிற அரசாங்கக் கம்பெனி. நான் பிறந்தது இங்க, எஸ்டேட்காரங்க வரிசையாக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டுல. நான் ஆறாவது படிக்கும்போது, வருஷம் 1987, யாரோ புண்ணியவதி கொடுத்தாங்கன்னு அம்மா ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்தாங்க. மெரூன் கலர், கழுத்துல வெள்ளைக் கோடு, இடது முழங்கையில யாரோ பழுப்பு நூலால ரொம்ப நேர்த்தியா இழை ஓட்டி அடைச்சிருந்தாங்க. அவ்வளவு கதகதப்பா அதுக்கு முன்னாடி நான் எதுவும் போட்டதில்லை. மூணாம் நாள் கிளாஸ்ல ஒரு பொண்ணு திரும்பிப் பாத்து, ‘ஏய், அது எங்க அக்கா ஸ்வெட்டர்’னு சொன்னா. அவ கெட்ட எண்ணத்துல சொல்லலை. தெரிஞ்ச பொருளைப் பாத்த சந்தோஷத்துல சொன்னா. முழங்கைத் தையலைத் தொட்டுக்கூடப் பாத்தா, ‘எங்க பாட்டி போட்டது’ன்னு. அதுக்கப்புறம் அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுல இருந்து போட்டுக்கிட்டுக் கிளம்புவேன், முதல் வளைவு தாண்டினதும் கழட்டிப் பைக்குள்ள வச்சுடுவேன். சாயங்காலம் அதே வளைவுல திரும்பப் போட்டுக்குவேன். அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது.

சின்ன ஊர்ல தானத்துக்கு இருக்கிற பெரிய சிக்கல் இதுதான். மெட்ராஸ்ல கொடுத்த சட்டை எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. இங்க கொடுத்தவங்களும் வாங்கினவங்களும் ஒரே மளிகைக் கடையில, ஒரே மினி பஸ்ல, ஒரே மருந்துக்கடை வரிசையில நிக்கணும்.

நான் முதல் தடவை இந்தக் கடைக்குப் போனப்போ டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து, அரை பிளேடை வச்சுக்கிட்டு ஒரு ஸ்கூல் ஸ்வெட்டரோட கழுத்தை நோண்டிக்கிட்டிருந்தாங்க. மலையில போர்டிங் ஸ்கூல் நிறைய. அந்தப் பிள்ளைங்க துணி ஒவ்வொண்ணுலயும் பேரும் நம்பரும் நெய்த சின்ன நாடா தைச்சிருக்கும், சலவைக்குப் போயி மாறிடக் கூடாதுன்னு. அதைத்தான் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. ‘யார் பேர் போட்டிருந்தா என்ன டீச்சர், உள் பக்கம்தானே’ன்னு கேட்டேன். ‘உள் பக்கம்தான்மா உடம்புல படுது’ன்னாங்க. கண்ணாடியைக் கூடக் கழட்டலை, தலையும் நிமிரலை.

சும்மா பிய்ச்சா துணி கிழியும். ஒரு தையல் விட்டு ஒரு தையல் பிளேடு முனையால அறுத்து, பின் பக்கம் திருப்பி நூலை இழுக்கணும். நாடா வந்துடும், ஆனா அது இருந்த இடத்துல சின்னதா ஒரு நீளக்கட்டம் தெரியும், வெளுக்காத பழைய கலர்ல. சுத்தி ஊசி ஓட்டை வரிசை. ஈரத்துணி போட்டு ஆவி காட்டி, பல்விளக்குற பிரஷால லேசா தேய்ச்சா கம்பளி எழும்பி ஓட்டை மூடிக்கும். கட்டம் மட்டும் போகாது. அது மேல நான் எங்க அளவுப் பட்டியைத் தைச்சுடுவேன். முன் பக்கம் ஸ்கூல் பேட்ஜ் இருந்தா அதுக்கும் இதே வைத்தியம், பேட்ஜ் பெரிசா இருந்தா அந்த இடத்துல ஒரு பாக்கெட் வச்சுடறது. அப்புறம் பட்டன். துணியை விட பட்டன்தான் காட்டிக் கொடுக்கும். மரப்பட்டன், பித்தளைப் பட்டன், நங்கூரம் போட்ட பட்டன் எல்லாத்தையும் கழட்டிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டில்ல கலர் கலரா பிரிச்சு வச்சிருக்கிற சாதாப் பட்டன் வைப்போம். ஒரு ஸ்வெட்டருக்கு முக்கால் மணி ஆகும். அறுபது ரூபாய்ப் பொருளுக்கு முக்கால் மணி வேலைன்னா என் தையல் கடையில கட்டாது. இங்க அதுக்குக் கூலி இல்லை.

கழட்டின பேர் நாடாவெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல கிடக்கு. எரிச்சுடணும் எரிச்சுடணும்னு டீச்சர் வாராவாரம் சொல்வாங்க.

இதெல்லாம் ஆரம்பத்துலயே ஒழுங்கா இருந்ததுன்னு நினைச்சுடாதீங்க. போன வருஷம் ஒரு ஸ்வெட்டர் தப்பிடுச்சு. ஆகாய நீலத்துல, நெஞ்சுல வெள்ளைப் பூ வரிசை போட்ட கைப்பின்னல். நாடா இல்லை, பேட்ஜ் இல்லை, பட்டன் இல்லை, அதனால நேரா ஷெல்ஃபுக்குப் போயிடுச்சு. கைப்பின்னலே ஒரு கையெழுத்துன்னு எங்க யாருக்கும் தோணலை. வாங்கிட்டுப் போன எஸ்டேட் அக்காவை பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா நிறுத்தி, ‘எங்க மாமியார் பின்னினதுங்க, உங்களுக்கு எவ்வளவு நல்லா இருக்கு’ன்னு சொல்லியிருக்காங்க. அன்பாத்தான். அடுத்த சனிக்கிழமை அந்த அக்கா வந்து, துவைச்சு மடிச்ச ஸ்வெட்டரை மேஜையில வச்சாங்க. காசு திருப்பிக் கேக்கலை. வேற ஒண்ணு எடுத்துக்குங்கன்னதுக்கும் வேண்டாம்னுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் திரும்ப வரலை. எனக்கு அன்னிக்கு மிஷின்ல கால் வைக்க முடியலை.

அதுக்கப்புறம் ஒரு சட்டம் போட்டோம். கைப்பின்னல் எதையும் கோத்தகிரியில விக்கிறதில்லை. குன்னூர்ல தெரிஞ்சவங்க சிலர் இதே மாதிரி ஒரு வேலை செய்றாங்க. எங்க ஊர் கைப்பின்னல் மூட்டை காலேஜ் பையனோட அங்க போகும், அவங்க ஊர் மூட்டை அவன் திரும்பி வரும்போது இங்க வரும். குன்னூர்ப் பாட்டி பின்னினதை கோத்தகிரியில யாருக்குத் தெரியப் போகுது? படுக அக்கா ஒருத்தங்க அந்த மூட்டை வந்தாலே முதல்ல அவங்கதான் பிரிப்பாங்க. பின்னலைத் தடவிப் பாத்து, ‘ஒள்ளித்து’ம்பாங்க. அவங்க பாஷையில நல்லா இருக்குன்னு அர்த்தம். அவங்க அப்படிச் சொன்னா அது இருநூறு ரூபாய்ச் சரக்கு.

வர்றதெல்லாம் விக்கிற மாதிரி இருக்காதுன்னும் சொல்லணும். மூணு மூட்டை வந்தா ஒரு மூட்டைதான் தேறும். வீட்டுல சுத்தம் பண்ணினா பழசைக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கலாம்னு ஒரு நினைப்பு நம்ம ஜனங்களுக்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் ரோட்டோரம் பழைய துணி குவிஞ்சு கிடந்ததைப் பாத்தோமே. அந்த மீன்காரங்க தொடவே மாட்டேன்னாங்க. 2009 நவம்பர்ல நம்ம மலை சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தப்பவும், மழையில நனைஞ்ச துணி மூட்டையைப் பிரிச்ச கை இது. ஜரிகை பிளவுஸ், ஒத்தைச் செருப்பு, நீச்சல் உடுப்பு. மலையில கொட்டுற மழையில நீச்சல் உடுப்பு! டெல்லியில கூஞ்ச்னு ஒரு அமைப்பு இருக்கு, டீச்சர் வாய் ஓயாம அவங்களைச் சொல்வாங்க. அங்க துணியைச் சும்மா தர்றதில்லை. ஊர்க்காரங்க கூடி கிணறு தூர் வாரி, பாதை சரி பண்ணினா, அந்த உழைப்புக்கு மரியாதையாத் துணி. உடுத்த லாயக்கில்லாத பருத்தியைச் சுத்தம் பண்ணி மாதவிலக்குத் துணியாக்கிடறாங்க. அதை ஆரம்பிச்ச அன்ஷு குப்தாவுக்கு 2015ல மகசேசே விருதே கிடைச்சது. எங்களுக்கு அவ்வளவு பெரிய யோசனையெல்லாம் இல்லை, ஒரு விலைச் சீட்டு ஒட்டறோம். தேறாத பருத்தி ஒர்க்ஷாப்புக்கு வேஸ்ட் துணியாப் போகும், கிழிஞ்ச கம்பளி நாய்க் காப்பகத்துக்கு. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னு டீச்சர், ‘இது வேண்டாம், எடுத்துட்டுப் போங்க’ன்னு காரில வந்தவங்ககிட்ட முகத்துக்கு நேரா சொல்றதைப் பாக்கறதுக்காகவே ஒரு நடை போகலாம்.

இப்போ அந்தப் போர்வைக் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி மார்கழியில, கீழே இருந்து ஒரு சங்கத்துக்காரங்க அறுபது போர்வை கொண்டுவந்தாங்க. புதுசு. நல்ல தடிமனான ஃப்ளீஸ், கரும்பச்சை. பிரிச்சுப் பாத்தா ஒவ்வொரு போர்வையோட நடுவுலயும் மஞ்சள் எழுத்துல, ஒரு முழ அகலத்துக்கு, சங்கத்தோட பேர், ‘அன்பளிப்பு’, தலைவர் பேர், கீழே செல்போன் நம்பர். நடுராத்திரி போர்வையில ஏதாவது சந்தேகம் வந்தா கூப்பிடலாம்னு போல. நாடான்னா பிரிக்கலாம், பட்டன்னா மாத்தலாம். அச்சு அடிச்சதை என்ன பண்றது? மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சோம், பச்சை போச்சு, மஞ்சள் போகலை.

கடைசியில நான்தான் சொன்னேன், ரெண்டு ரெண்டா எடுத்து எழுத்தை உள் பக்கமா வச்சு ஒண்ணா தைச்சுடலாம்னு. மிலிட்டரி ஐயாவுக்குக் கோவம் வந்துடுச்சு. ‘அறுபது பேருக்குப் போக வேண்டியதை முப்பதாக்கறீங்களேம்மா. குளிர்ல நடுங்குறவன் எழுத்தைப் படிச்சுக்கிட்டா இருப்பான்?’ டீச்சர், ‘நீங்க ஒண்ணு போத்திக்கிட்டு மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வாங்க பாப்போம்’னாங்க. மனுஷன் அப்படியே போத்திக்கிட்டுக் கிளம்பிட்டார். ஜான்ஸ்டன் சதுக்கம் வரைக்கும் நடந்து, டீ குடிச்சுட்டு, அரை மணியில திரும்பினார். ‘ஒண்ணும் ஆகலை. ரெண்டு பேர் சல்யூட்கூட வச்சாங்க’ன்னார். ‘அதேதான் நானும் சொல்றேன்’னாங்க டீச்சர். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கத்திரியை எடுத்து நூல் வெட்ட உட்கார்ந்தார்.

ஃப்ளீஸ் ரெண்டு மடிப்பு மிஷின்ல போகாது, மேல் மடிப்பு வழுக்கிக்கிட்டு முன்னாடி ஓடிடும். முதல்ல கையால பெரிய பெரிய தையலா ஓட்டி, அப்புறம் பதினாறாம் நம்பர் ஊசி மாட்டி, கட்டம் கட்டமா அடிச்சேன். ஏழு ஊசி முறிஞ்சது. முப்பது போர்வை, ஒண்ணு நூறு ரூபா, ரெண்டே சனிக்கிழமையில தீந்துது. எனக்குப் பெருமை தாங்கலை. தை பிறந்து குஞ்சப்பனைப் பக்கம் இருந்து ஒரு இருளர் பாட்டி வந்து, ‘நல்ல சூடு தாயி, ஆனா ஒரு தடவை துவைச்சேன், நாலு நாள் காயலை. ஒத்தைப் போர்வை இருந்தாக் கொடு’ன்னாங்க. காய வைக்கிறதை நான் யோசிக்கவே இல்லை. மிலிட்டரி ஐயா என் பக்கம் திரும்பாம இருந்தது அவர் பெருந்தன்மை. அப்போ செஞ்சது சரியா தப்பான்னு கேட்டா, பாதி சரி. இன்னொரு தடவை வந்தா எழுத்து இருக்கிற நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துட்டு ஒட்டுப் போடுவேன்.

சரி, குறைகள். போட்டுப் பாக்கிற இடம் ஒரு மூலையில கர்ட்டன் தொங்கவிட்ட இடுக்கு. அந்தக் கர்ட்டன்ல மூணு கொக்கி இல்லை, ஒரு கையால பிடிச்சுக்கிட்டே ஒரு கையால ஸ்வெட்டர் மாட்டணும். ஆம்பளை பேன்ட் எல்லாம் நாப்பது இஞ்ச் இடுப்பு, ரிட்டயரானவங்க வீட்டு உபயம். ரெண்டுல இருந்து அஞ்சு வயசுக் குழந்தைத் துணி எப்பவும் தட்டுப்பாடு, யாராவது கொடுத்தா நல்லது. ஷூவை நம்பி வாங்காதீங்க, அடிப்பசை மழைக்குத் தாங்கறதில்லை. வாசப்படி அஞ்சும் பாசி பிடிச்சு வழுக்கும். பில் கிடையாது. பையும் கிடையாது. நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, கையில மஞ்சப்பை இல்லாம வந்து நின்னுட்டு எங்ககிட்ட கோவிக்காதீங்க. இன்னொண்ணு, மனசு வந்தா வர்றவங்கன்னு சொன்னேனே, அவங்கள்ல ஒருத்தங்களுக்கு ‘யாருக்கு வாங்கறீங்க? வீட்டுல எத்தனை பேர்?’னு விசாரிக்கிற பழக்கம் உண்டு. ரேஷன் கார்டு ஒண்ணுதான் கேக்கலை. அவங்க இருக்கிற அன்னிக்கு நீங்க ‘எனக்குத்தான்’னு ஒரே வார்த்தையில முடிச்சுக்குங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய குறை நேரம். எஸ்டேட்ல சனிக்கிழமையும் வேலை உண்டு. பறிச்ச கொழுந்தைக் கடைசி எடை போட்டு, இடுப்புல கட்டின படங்கை அவுத்து, லைனுக்குப் போயி முகம் கழுவிட்டு பஸ் பிடிச்சா அஞ்சு மணிக்குத்தான் டவுனுக்கு வர முடியும். கடை நாலுக்கு மூடிடுது. யாருக்காக நடக்குதோ அவங்களுக்குத் தோதில்லாத நேரத்துல, நடத்துறவங்களுக்குத் தோதான நேரத்துல நடக்குது. லீவு போட்டு வந்து ஸ்வெட்டர் வாங்கினா, அறுபது ரூபா ஸ்வெட்டருக்கு ஒரு நாள் கூலி போச்சு. இதை நான் மூணு கூட்டத்துல சொல்லிட்டேன். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஹட்டிக்குப் போற அக்காமாருக்கு இருட்டினா ரோட்டுல காட்டெருமை, அதை விட்டா கரடி. டீச்சருக்கு எழுபது தாண்டியாச்சு. ‘வாங்க வர்றவங்களும் அதே ரோட்டுலதானே திரும்பிப் போகணும்?’னு கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. தண்ணி கொதிச்சு, டீ வந்துடுச்சு.

நட்சத்திரம் போடணும்னா அஞ்சுக்கு மூணரை. அரை கர்ட்டனுக்கு, ஒண்ணு நாலு மணிக்கு.

வர்ற ரெண்டாவது சனிக்கிழமை மட்டும் ஆறரை வரைக்கும் திறந்து பாக்கலாம்னு ஒருவழியா சம்மதிச்சிருக்காங்க. மிலிட்டரி ஐயா ஜீப்ல அக்காமாரைக் கொண்டுபோய் விட்டுடறேன்னு சொல்லியிருக்கார். எஸ்டேட் பக்கம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லி விடுங்க. கொக்கி மூணு நானே வாங்கிட்டேன், இருபத்தஞ்சு ரூபா ஆச்சு.